கூடார ஊரைத் தேடி: விக்டோரியா தங்கவயல்களில் ஆறு நாள்

முதல் நாள், மெல்பர்ன்

தங்கை வீட்டுக்கு இது மூன்றாவது வருகை. முந்தைய இரண்டு முறையும் எல்லோரையும் போலப் பழைய தங்கவயல் ஊரான பல்லாரட்டுக்கு ஒரு நாள் போய், ஓடை மண்ணைத் தட்டில் அலசிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிட்டேன். இம்முறை வேறு விதமாகப் போக விரும்பினேன். 1851 முதல் ஆஸ்திரேலியாவின் இந்த விக்டோரியா மாநிலத்தைப் புரட்டிப்போட்ட தங்க வேட்டையின் நடுவே வாழ்ந்து, அதை வரைந்தவர்களின் ஓவியங்களை முதலில் பார்ப்பது, பிறகு அந்த ஓவியங்களில் உள்ள இடங்களுக்குச் சென்று இன்று அங்கே என்ன நிற்கிறது என்று பார்ப்பது, அன்றன்று இரவே எழுதிப் பதிவிடுவது என்று திட்டமிட்டிருக்கிறேன். வண்டி ஓட்டத் தங்கை மகள் முன்வந்திருக்கிறாள். நான் ஓரளவு வரைவேன் என்பதால் ஒரு வரைபுத்தகமும் உடன் வருகிறது.

தொடக்கம் விக்டோரியா மாநில நூலகம். 1913இல் திறக்கப்பட்ட எண்கோண வாசிப்பறையின் குவிமாடத்துக்குக் கீழே அமர்ந்து எஸ். டி. கில் வரைந்த படங்களைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காகிதத்தில் தீட்டிய நீர்வண்ண ஓவியம் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால் மூலப் படங்களைப் பெரும்பாலும் இருட்டிலேயே பாதுகாக்கிறார்கள். ஆனால் நூலகம் அவற்றை மின்னுருவாக்கி யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. சிலவற்றை அச்செடுத்துக்கொண்டேன்.

கில் 1818இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்தவர். 1839இல் அடிலெய்டுக்கு வந்தார், 1852இல் தங்கவயலுக்குப் போனார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட கல்லச்சுப் படங்கள் நன்றாக விற்பனையாயின. தங்கம் தோண்டும் உரிமச் சீட்டுக்காக அரசு ஆணையரின் கூடாரத்தின் முன் வரிசையில் நிற்கும் ஆட்கள், மண்ணைச் சுமப்பவர்கள், குழிக்குள் தலை மட்டும் தெரிய நிற்பவர்கள் என்று அவர் வரைந்தவை எல்லாம் வேலை செய்யும் மனிதர்கள். ஒரு படத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டே மறு கையால் தொட்டிலை ஆட்டுகிறாள். தொட்டில் என்பது மண்ணையும் நீரையும் ஊற்றி ஆட்டித் தங்கத்தைப் பிரிக்கும் மரப்பெட்டி, உருவத்தாலும் ஆட்டத்தாலும் அதற்கு அந்தப் பெயர். அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஓர் ஆண்டு எண். நூலகத்தில் இருக்கும் கில்லின் புகழ்பெற்ற நாற்பது நீர்வண்ணப் படங்கள் 1852, 1853ஆம் ஆண்டுகளின் தங்கவயல்களைக் காட்டுகின்றன. ஆனால் அவர் அவற்றைத் தீட்டியது 1869இல், அன்றைய மெல்பர்ன் பொது நூலகத்தின் அறங்காவலர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில். பதினாறு, பதினேழு ஆண்டுகள் கழித்து, அந்தக் கூடாரங்களில் ஒன்றுகூட எஞ்சாத காலத்தில், பழைய குறிப்புகளையும் நினைவையும் வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். நேரில் கண்ட சாட்சி என்று நான் நினைத்திருந்த படம், நினைவுகூர்ந்து சொன்ன சாட்சியமாக மாறிவிட்டது. இதனால் அதன் மதிப்பு குறைவதாக நான் எண்ணவில்லை. பார்க்கும் விதத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1880 அக்டோபர் 27 அன்று மெல்பர்ன் அஞ்சல் நிலையத்தின் படிகளில் விழுந்து இறந்த கில்லை, ஏழைகளுக்கான குழியில் புதைத்தார்கள். 1913இல்தான் விக்டோரிய வரலாற்றுச் சங்கத்தார் அவருக்கு ஒரு கல்லறைக் கல் நட்டார்கள். நூலகத்துக்குக் குவிமாடம் அமைந்த அதே ஆண்டு.

இரண்டாம் நாள், ஜீலாங்

மெல்பர்னிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஜீலாங் ஓவியக்கூடத்தில் ஒரே ஒரு படத்துக்காக வந்தோம்.

யூஜின் வான் கெரார் 1811இல் வியன்னாவில் பிறந்தவர், முறையாகப் பயின்ற இயற்கைக்காட்சி ஓவியர். தங்கம் தேடி 1852 டிசம்பரில் விக்டோரியாவுக்கு வந்து, அடுத்த மாதமே பல்லாரட்டுக்குக் கிளம்பினார். அந்த வழியைப் பற்றி 1854இல் அவர் தீட்டிய தைலவண்ண ஓவியம் இங்கே இருக்கிறது. தங்கவயலுக்குப் போகும் வெள்ளையர்களை இந்த மண்ணின் பூர்வகுடிகள் வழியில் சந்திக்கிறார்கள். போசம் என்னும் மரவாழ் விலங்கின் தோலைத் தைத்துச் செய்த போர்வைகளைக் காட்டி விலை பேசுகிறார்கள். பண்டமாற்று என்ற பெயரும் இந்தப் படத்துக்கு உண்டு.

இந்த ஒரு படத்துக்காக வந்ததில் எனக்கு முழு நிறைவு. தங்கவயல் ஓவியங்கள் பலவற்றில் பூர்வகுடிகளையே காண முடிவதில்லை, கண்டாலும் ஓரத்தில் நிழலாக நிற்கிறார்கள். இந்தப் படத்தின் நடுவே வதாவுரங் மக்கள் தம் சரக்கின் மதிப்பை அறிந்த வணிகர்களாக இருக்கிறார்கள். குளிரில் கூடாரத்தில் கிடக்கப்போகும் ஆட்களுக்கு எது தேவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பல்லாரட் என்ற பெயரும் அவர்களுடையதுதான். முழங்கையை ஊன்றிச் சாய்ந்து இளைப்பாறும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அங்கே இளைப்பாறியவர்களின் இடம் சில மாதங்களில் குழிகளாகிவிட்டது.

மாலையே பல்லாரட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். மழை பெய்துகொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள், பல்லாரட்

லிடியார்ட் தெருவில் காலை முழுதும் நடந்தோம். 1875இல் கட்டிய ஹர் மெஜஸ்டிஸ் நாடகக் கொட்டகை, சுரங்கப் பங்குகளை வாங்கி விற்ற மாளிகை, கோபுரத்துடன் கூடிய ரயில் நிலையம், தங்கும் விடுதிகள் என்று ஒரு தெருவுக்குள் இத்தனை கல் கட்டடங்களைச் சேர்த்துப் பார்ப்பது அரிது. ஆனால் இவற்றில் ஒன்றுகூடக் கில்லும் கெராரும் இங்கே இருந்தபோது இல்லை. ஓடையோரம் கையால் அள்ளிய தங்கம் தீர்ந்து, ஆழச் சுரங்கங்களும் கம்பெனிகளும் வந்த பிறகு எழுந்த ஊர் இது. கண்ணுக்குத் தெரியும் இந்த ஊருக்குக் கீழே இன்னொரு ஊர் இருந்தது, அது துணியாலும் மரப்பட்டையாலும் ஆன ஊர். அதைப் பார்க்க ஓவியக்கூடத்துக்குள்தான் போக வேண்டும்.

பல்லாரட் ஓவியக்கூடம் 1884இல் தொடங்கப்பட்டது. பெருநகரங்களுக்கு வெளியே ஆஸ்திரேலியாவில் அமைந்த ஓவியக்கூடங்களில் மிகப் பழமையானது. இப்போதுள்ள கட்டடம் 1890இல் திறக்கப்பட்டது. இதற்கு முன்நின்றவர் ஜேம்ஸ் ஆடி. தங்கம் கிடைத்த முதல் ஆண்டிலேயே இங்கே வந்து, வணிகத்தில் செழித்து, ஊரின் முதல் நகரமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தவர்.

நான் தேடி வந்த படம் கெராருடையது. 1853-54 கோடையில் பழைய பல்லாரட் எப்படி இருந்தது என்பதே அதன் தலைப்பு. முன்பக்கத்தில் கிளறிப் போட்ட மண்ணும் குழிகளும், அதற்கப்பால் வெண்ணிறக் கூடாரங்களும், தொலைவில் மலையும். அருகே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கூடாரமும் தனித்தனியாக, அவசரமே இல்லாத நுண்ணிய தூரிகையால் தீட்டப்பட்டிருக்கிறது. ஒரு கூடாரத்தின் ஓரத்தில் விழும் நிழலுக்குக்கூட இரண்டு சாயல் கொடுத்திருக்கிறார். வெட்டித் தீர்த்த மரங்களின் அடிக்கட்டைகள் இருக்கும் இடங்களில் மட்டும் வண்ணம் சற்றுத் தடித்து, விரலால் தொட்டால் தட்டுப்படும் போலிருக்கிறது.

நேற்று இரவு வரை இதை 1854ஆம் ஆண்டுப் படம் என்றே எண்ணியிருந்தேன். பக்கத்திலிருந்த குறிப்பைப் படித்தபோதுதான் தெரிந்தது, 1884இல் தீட்டியிருக்கிறார். கெரார் தங்கவயலில் ஓராண்டுக்குச் சற்றே கூடுதலாக இருந்துவிட்டு, சொல்லும்படியாக ஒன்றும் கிடைக்காமல் மெல்பர்னுக்குப் போனார். பிறகு நாட்டின் முதன்மையான இயற்கைக்காட்சி ஓவியரானார், 1870 முதல் விக்டோரிய தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்தார், 1882இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். அதன் பிறகு ஆடி கேட்டுக்கொண்டதற்காக, இளமையில் அந்த இடத்தில் போட்டுவைத்த பென்சில் கோட்டோவியங்களைக் கொண்டு, எழுபது வயதைக் கடந்த நிலையில் இதைத் தீட்டியிருக்கிறார்.

கில்லிடம் நூலகம் கேட்டது, கெராரிடம் ஆடி கேட்டார். ஊர் கல்லாகி நிலைத்த பிறகே, தாங்கள் படுத்துறங்கிய கூடாரங்களின் உருவம் கைநழுவிப் போவது அந்தத் தலைமுறைக்கு உறைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆடி அந்தக் கூடாரங்களில் வாழ்ந்தவர். தாம் வாழ்ந்த இடத்தின் அடையாளம் தெருவில் எங்கும் இல்லாதபோது அதைச் சுவரில் மாட்ட விரும்பியிருக்கிறார். முப்பது ஆண்டு இடைவெளி படத்திலும் தெரிகிறது. இரைச்சல், சேறு, வயிற்றுக்கடுப்பு, உரிமச் சீட்டுச் சோதனை எல்லாம் வடிந்து, மாலை வெயிலில் ஓர் அமைதியான பள்ளத்தாக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நான்காம் நாள், பல்லாரட்

இன்று அந்த அமைதி கலைந்தது.

தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுகிற ஒவ்வொருவரும் கட்டணம் கட்டி உரிமச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சீட்டில்லாதவர்களைக் காவலர்கள் வேட்டையாடிய விதம் தாளாமல் 1854இல் தோண்டுநர்கள் திரண்டார்கள். நவம்பர் இறுதியில் நீலத் துணியில் வெண்சிலுவையும் விண்மீன்களும் தைத்த கொடியை ஏற்றி, அதன் கீழ் உறுதிமொழி எடுத்து, யுரேகா என்ற இடத்தில் மரத்துண்டுகளால் அரண் அமைத்தார்கள். டிசம்பர் 3, ஞாயிறு விடியலில் படை புகுந்தது. கால்மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தோண்டுநர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த அரணில் ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை, அது நின்ற சரியான இடம் எது என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. இந்த நிலையில்தான் ஒரு சிறிய வரைபுத்தகம் முக்கியமாகிறது. சார்ல்ஸ் டூடியே கனடாவிலிருந்து வந்த இளைஞர். அரணில் படுகாயமுற்ற கனடா நாட்டவரான ராஸ் என்பவரைத் தூக்கிச் சென்றவர்களில் ஒருவர். அவர் நீர்வண்ணத்தில் போட்டுவைத்த படங்கள் அடங்கிய புத்தகம் கனடாவில் ஒரு குடும்பத்திடம் இருந்து, 1996இல் ஏலத்துக்கு வந்தது. பல்லாரட் ஓவியக்கூடம் அதை வாங்கியது. 1854 அக்டோபரில் யுரேகா விடுதி எரிந்தது, கொடியின் கீழ் உறுதிமொழி எடுத்தது, டிசம்பர் 3 தாக்குதல் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. டூடியே தேர்ந்த ஓவியர் அல்லர், மனிதர்களின் உடலமைப்பு சரியாக வரவில்லை. ஆனாலும் கெராரின் படத்தின் முன் ஏற்படாத படபடப்பு எனக்கு இந்தப் படங்களின் முன் ஏற்பட்டது.

கொடியைக் கிழித்து இறக்கிய ஜான் கிங் என்ற காவலரின் குடும்பத்தார் அதை வைத்திருந்து, 1895இல் ஓவியக்கூடத்துக்கு இரவலாகக் கொடுத்தார்கள். அது உண்மையான கொடிதானா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. டூடியேயின் படத்தில் உள்ள கொடி அந்தத் துணியோடு ஒத்துப்போனது பெரிய சான்றாயிற்று. யுரேகா மையத்தில் மங்கிய விளக்கொளியில் அதைப் பார்த்தோம். அருகில் போனால் நெசவு தெரிகிறது. நீலம் பல இடங்களில் சாம்பலாகிவிட்டது. நினைவுப் பொருளாகக் கேட்டவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்ததில் ஒரு பெரும் பகுதியே இல்லை. ஒரு விண்மீனின் ஓரத்தில், துணியை மடித்துத் தைத்த தையல் இன்னும் பிரியாமல் இருக்கிறது.

பிற்பகல் சாவரின் ஹில். 1970இல் திறக்கப்பட்ட இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்தை முன்பு வெறும் பொழுதுபோக்கு இடமாகவே பார்த்திருந்தேன். இன்று அது வேறாகத் தெரிந்தது. 1850களின் மரக்கட்டடத் தெரு அடுத்தடுத்த தீவிபத்துகளில் அழிந்துவிட்டதால், பழைய படங்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் பார்த்து இதை எழுப்பியிருக்கிறார்கள். 1859இல் வெளியான பிரான்சுவா கோன்யேயின் பல்லாரட் கல்லச்சுத் தொகுப்பைப் பார்த்துவிட்டு இங்கே நடந்தால், கடை முகப்புகளும் பெயர்ப்பலகைகளும் தாளிலிருந்து எழுந்து நிற்பது போலிருக்கிறது. ஓவியமே ஊருக்கு வரைபடமாகியிருக்கிறது. சேறு மட்டும் குறைவு.

ஐந்தாம் நாள், பெண்டிகோ

பெண்டிகோவைப் பற்றி எழுத அதிகமில்லை, குறை என்னுடையது. பாதி நாள் வழியிலேயே போய்விட்டது. 1891 வரை சாண்ட்ஹர்ஸ்ட் என்ற பெயரோடு இருந்த இந்த ஊரின் அழகில் பெரும் பங்கு ஜெர்மனியிலிருந்து தங்கம் தேடி வந்து கட்டடக்கலைஞரான வில்லியம் வாலண்டுக்கு உரியது. 1881இல் திறந்த அலெக்சாண்ட்ரா நீரூற்றும் அவர் வடிவமைத்ததே. இங்கே கூடாரக் காலத்தை வரைந்தவர் ஜார்ஜ் ரோ. இங்கிலாந்தில் கல்லச்சு ஓவியராக இருந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தங்கவயலுக்கு வந்து, தோண்டுவதைவிடப் படம் விற்பதே பிழைக்க வழி என்று கண்டவர். அவருடைய பெரிய நீர்வண்ணப் படங்கள் 1862இல் லண்டன் பன்னாட்டுக் கண்காட்சிக்குப் போயின.

எமு முனையில் சிவப்பு வண்ணம் பூசிய சீனக் கோயிலுக்குப் போனோம். 1870களில் சீனத் தோண்டுநர்கள் கட்டியது, இன்றும் வழிபாடு நடக்கிறது. கில்லின் படங்களில் சீனர்கள் பெரும்பாலும் காவடி போலத் தோளில் கழி சுமந்து நடப்பவர்களாக வருகிறார்கள். அவர்கள் எங்கே விளக்கேற்றினார்கள் என்பதை இந்தச் செங்கல் சுவர்கள் சொல்கின்றன.

1939 முதல் 1954 வரை இயங்கிய சென்ட்ரல் டெபோரா சுரங்கத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, குழிவாயின் மேல் நிற்கும் கோபுரத்தை வரைந்தேன். கோலார் தங்கவயலில் இதே போன்ற கோபுரங்களின் கீழ் தலைமுறை தலைமுறையாக இறங்கி ஏறிய தமிழ்க் குடும்பங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சக்கரத்தின் ஆரங்களைச் சரியாகப் போட மூன்று முறை அழிக்க வேண்டியிருந்தது.

ஆறாம் நாள், சூட்டன், காசில்மெய்ன்

மெல்பர்ன் திரும்பும் வழியில் இன்று ஃபாரஸ்ட் ஓடைப் பள்ளத்தாக்கு. ஜாஜாவுரங் மக்களின் நிலம். தோண்டிக் கொட்டிய இந்த மண்ணை அவர்கள் தலைகீழான நாடு என்று சொல்கிறார்கள். அடிமண் மேலேயும் மேல்மண் அடியிலுமாகக் கிடக்கும் மேடுகளைப் பார்த்தால் அது எவ்வளவு துல்லியமான பெயர் என்று புரிகிறது. நூற்றெழுபது ஆண்டுகளாகியும் பல இடங்களில் சரளையாகவே கிடக்கிறது.

சூட்டன் என்ற சிற்றூரில் சாலையோரப் புல்வெளி ஒன்றின் முன் வண்டியை நிறுத்தினோம். ஓர் அறிவிப்புப் பலகையைத் தவிர அங்கே எதுவும் இல்லை. என்னிடம் இருந்த அச்சுப்படி டேவிட் டல்லக் வரைந்து, தாமஸ் ஹாம் செதுக்கி 1852இல் வெளியிட்ட படம். அதில் இந்த இடம் முழுவதும் மனிதத் தலைகள். மாதம் 30 ஷில்லிங்காக, அதாவது ஒன்றரைப் பவுனாக இருந்த உரிமக் கட்டணத்தை மூன்று பவுனாக, இருமடங்காக உயர்த்தப்போவதாக ஆளுநர் லட்ரோப் அறிவித்ததை எதிர்த்து, 1851 டிசம்பர் 15 அன்று ஓர் ஆட்டிடையன் குடிசையருகே ஏறத்தாழ 14,000 பேர் கூடினார்கள் என்கிறார்கள். ஒரு பாரவண்டியே பேச்சாளர்களுக்கு மேடை. உயர்வு கைவிடப்பட்டது. யுரேகாவுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல் கிடைத்த வெற்றி. பள்ளிச் சிறுவர்களை அழைத்து வந்து காட்ட வேண்டிய இடம் என்று எனக்குப் படுகிறது. அவர்கள் கையில் அந்தப் படத்தையும் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் இங்கே பார்க்க ஒன்றும் கிடையாது.

படத்தைப் புல்வெளிக்கு நேராகப் பிடித்து, மலைமுகட்டின் கோட்டைப் பொருத்திப் பார்த்தேன். அச்சுப்படத்தில் அது சற்றுச் செங்குத்தாக இருக்கிறது. மற்றபடி வளைவு அப்படியே பொருந்துகிறது. இந்த ஆறு நாளில் ஓவியத்திலும் தரையிலும் ஒன்றாக நான் கண்டது அந்த மலைக்கோடுதான்.

காசில்மெய்னுக்குள் நுழையும் முன் பெனிவெய்ட் ஃப்ளாட் என்ற மேட்டில் இறங்கினோம். 1852 முதல் 1857 வரை பயன்பட்ட இடுகாடு. இங்கே புதைக்கப்பட்ட ஏறத்தாழ இருநூறு பேரில் பெரும்பாலோர் குழந்தைகள். கெட்ட நீரும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோனவர்கள். தங்கம் இல்லாத பாறைத் தரை என்பதால் இதை யாரும் தோண்டவில்லை. பெயர் பொறித்த கல் ஒன்றிரண்டே. மற்றவற்றுக்கு அங்கே கிடந்த சில்லுக் கற்களைச் சுற்றி அடுக்கியிருக்கிறார்கள், சிலவற்றின் நீளம் என் முழங்கையளவுகூட இல்லை.

பையிலிருந்து கில்லின் படத்தை எடுத்தேன். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் தொட்டிலுமாக அந்தப் பெண். அவள் குழந்தைக்கு ஒரு வயதுகூட இருக்காது.

"பெரியம்மா, இந்த இடத்த யாராச்சும் வரைஞ்சிருக்காங்களா?" என்று தங்கை மகள் கேட்டாள்.

நான் பார்த்த எந்தப் படத்திலும் இல்லை என்றேன். அவள் வண்டியிலிருந்து என் வரைபுத்தகத்தை எடுத்து வந்து கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். வெளிச்சம் இருக்கும் வரை வரைந்தேன். மரத்தடியில் இருந்த பதினோரு கல்வரிசைகளைப் போட முடிந்தது.